ஆற்றங்கரை லொட்ஜில் மூன்று இரவு: யானைக்குப் பயந்த அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

கல்லடிமகள் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு நைரோபியில் வேலை. இரண்டு வருடமாக "வாங்கோ, வாங்கோ" என்று நின்றவன் இப்போது ரிக்கெட்டும் போட்டுத் தருகிறேன் என்கிறான். ஓகஸ்ட் விடுமுறைக்கு நான், மகன் (9 வயது), அம்மா (68) மூன்று பேரும் போகிறோம். வடக்குக் கென்யாவில் சம்புரு சரணாலயத்துக்குள், ஆற்றங்கரையில் ஒரு லொட்ஜில் மூன்று இரவு. படம் அனுப்பினான். கல் சுவர் இல்லை, தடித்த கன்வஸ் கூடாரம். உள்ளே கட்டில், குளியலறை எல்லாம் இருக்கிறது. முன்னால் சின்ன விறாந்தை. விறாந்தைக்கு முன்னால் ஆறு. ஆற்றுக்குள் யானை. வேலி எங்கே என்று படத்தைப் பெரிதாக்கித் தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது உன்னிச்சைப் பக்கம். மாமாவின் வீட்டுச் சுவரை யானை இடித்து நெல் மூட்டையை இழுத்த இரவு அம்மாவும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தவ. இன்றைக்கும் ஊருக்குப் போய் நின்றால், தூரத்தில் யானை வெடி கேட்டதும் எழும்பிக் குந்திவிடுவா. நாங்கள் இருப்பதோ மட்டக்களப்புக் கடற்கரையோரம், கல்லடி. 2004 சுனாமிக்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்கிற இடத்தில் அம்மா படுப்பதே இல்லை. யானை, தண்ணீர் இரண்டும் ஒன்றாக இருக்கிற இடத்துக்குப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப்போகிறான் என் தம்பி!

அவனைக் கேட்டால் "ஒன்றும் ஆகாது அக்கா" என்பதைத் தவிர வேறு பதில் வராது. யாராவது உண்மையாகவே போய் நின்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆறு பெருகுமா? இரவில் யானை கிட்ட வருமா? சாப்பாடு எப்படி? ஊசி, மருந்து விஷயமும் தெரிந்தால் நல்லது.

படுவான்பொடியன் எழுதியது:

அக்கா, யானை பார்க்கவா அவ்வளவு தூரம்? எங்கள் வயல் வட்டைக்கு வாருங்கள். பரணில் ஏற்றிவிடுகிறேன், ரோர்ச்சும் தருகிறேன். கட்டணம் இல்லை. காலையில் வாழை மரம் மிச்சம் இருந்தால் ஒரு சீப்பும் கொண்டுபோகலாம்.

பகிடி ஒரு பக்கம். கடந்த சில வருடங்களாக நம் நாட்டில் வருடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் யானையால் சாகிறார்கள். அதைவிடக் கூடுதலாக யானைகளும் சாகின்றன. இதைப் பார்த்து வளர்ந்த ஒரு மனுசியை, காசும் கட்டி, சுவர் இல்லாத இடத்தில் படுக்கவைப்பது சரியா என்று யோசியுங்கள். அம்மாவை நைரோபியில் தம்பி வீட்டில் விட்டுவிட்டு நீங்களும் மகனும் போய்வாருங்கள்.

மதகுக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கடைசிப் பத்து வருடமும் அம்பாறைப் பக்கம். மகள் குடும்பம் நைரோபியில் இருந்தபோது, 2019 ஜூலையில் நானும் மனைவியும் சம்புருவில் நாலு இரவு நின்றோம். எனவே காதால் கேட்டதைச் சொல்லவில்லை.

ஆற்றை முதலில் சொல்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். பெயர் எவாசோ ஞிரோ. அங்கத்தைய சம்புரு ஆட்கள் பேசும் மா என்ற மொழியில் பழுப்பு நிறத் தண்ணீர் என்று பொருளாம். பார்த்தால் உங்களுக்கே விளங்கும், தண்ணீர் நம்மூர்ப் பிளேன்ரீயில் பால் கொஞ்சம் சிந்திய நிறம். சம்புருவில் வருடம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 350 மில்லிமீற்றர். மட்டக்களப்பில் 1,600க்கு மேல். நமக்கு ஒரு நல்ல மார்கழியில் விழுவதுதான் அவர்களுக்கு ஒரு வருடத்து மழை. அப்படியென்றால் அந்தக் காய்ந்த தரையில் ஆறு எங்கிருந்து வருகிறது? கென்யா மலையிலும் அபடேர் மலைத்தொடரிலும் பெய்கிற மழை அது. கிழக்கே ஓடி, கடலையும் தொடாமல், லோரியன் என்ற சதுப்பில் போய் முடிந்துவிடும். வாழ்க்கை முழுக்கத் தண்ணீரைக் கடலுக்கு விடாமல் மறிக்கப் பாடுபட்டவன் நான். தானாகவே கடலுக்குப் போகாத ஆற்றைப் பார்த்து ஒரு மாதிரியாகிவிட்டது.

பெருகுமா என்று கேட்டீர்கள். பெருகும். மலையில் கொட்டினால், லொட்ஜில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து நிற்கும். 2010 மார்ச் தொடக்கத்தில் அப்படி வந்த வெள்ளம் அந்தக் கரையில் பல லொட்ஜுகளையும், யானை ஆராய்ச்சி செய்பவர்களின் முகாமையும் அள்ளிக்கொண்டு போனது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மழை இரண்டு பருவம்: மார்ச் முதல் மே வரை ஒன்று, ஒக்ரோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மற்றது. நீங்கள் போவது ஓகஸ்ட். நாங்கள் போன ஜூலையிலேயே முழங்கால் அளவு தண்ணீர்தான். அகலத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல்.

போய் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கரையோர மரங்களை அண்ணாந்து பார்த்தேன். பழைய வெள்ளம் கொண்டுவந்த காய்ந்த புல், சுள்ளி, ஒரு கயிற்றுத் துண்டு எல்லாம் கிளைக் கவருக்குள் சிக்கிக் கிடந்தன. என் தலைக்கு மேலே, கையை நீட்டினால் எட்டுகிற உயரம். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு நம்மூரில் வேலி முள்ளுக்கம்பியில் வைக்கோல் தொங்கியதே, அதே அடையாளம். எங்கள் கூடாரத்தின் தரை அதைவிட மேலேதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பெட்டியை உள்ளே வைத்தேன். மனைவி அதற்குள் தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டா. தம்பியிடம் சொல்லி மேட்டுப் பக்கத்துக் கூடாரமாகக் கேளுங்கள். ஆற்று வளைவின் வெளிப்பக்கக் கரை என்றால் இன்னும் நல்லது. அந்தக் கரையை ஆறு அரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது செங்குத்தாக உயர்ந்து நிற்கும். எதிரே உள்வளைவில் மணல் திட்டு சேரும். மிருகங்கள் தண்ணீருக்கு இறங்குவது அந்தத் திட்டில். அவை அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்.

சரி, யானை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கூட்டம் வந்தது. கன்றுகளோடு பதினொன்று எண்ணினேன். நம்மூரில் கொம்பன் ஒன்று வந்தால் ஊரே பார்க்கப் போகும், பத்து ஆண் யானையில் ஒன்றுக்குக்கூட இங்கே கொம்பு இருக்காது. அங்கே பெண்ணுக்கும் கொம்பு, வாலிபக் குட்டிக்கும் கொம்பு. அது கிடக்கட்டும். தலைவிபோல வந்த பெரியது ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஓரத்து மணலை முன்காலால் உதைத்தது. பிறகு தும்பிக்கையால் வாரி வாரிப் பின்னால் எறிந்தது. ஒரு அடி, ஒன்றரை அடி. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. ஊறிவந்த முதல் தண்ணீரை உறிஞ்சி வெளியே துப்பியது. இரண்டாவதைத்தான் குடித்தது. வரட்சிக் காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, முதல் கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டு, தெளிந்ததைச் சிரட்டையால் மொள்ளுவாவே என் பெத்தா, அதே வேலை, அதே பொறுமை. மனைவி என் கையைப் பிடித்தா. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இனி என் மானம் போன கதை. சின்ன வயதில் நானும் அப்பாவோடு வயற்காவலுக்கு வாடியில் படுத்தவன்தான். அன்று இரவு இரண்டு மணி இருக்கும். கூடாரத்துக்குப் பக்கத்தில் குடை விரித்த மாதிரி ஒரு வேல மரம், கீழெல்லாம் சுருண்ட காய்கள். அதை ஏதோ மெல்லுகிற சத்தம். அப்பளம் நொறுங்குவதுபோல. இடையிடையே வயிற்றுக்குள் பெரிய பீப்பா உருளுகிற மாதிரி ஓர் உறுமல். கன்வஸ் மெதுவாக உள்ளே தள்ளி வந்தது. விலா உரசுகிறது! அந்த மணமும் வந்துவிட்டது, தெரியும்தானே உங்கள் அம்மாவுக்கு. எனக்கு வயது அறுபத்திரண்டு என்பதும், நான் நிற்பது கென்யா என்பதும் மறந்துபோனது. எழும்பி, ரோர்ச்சை அடித்து, "ஹோய்! ஹோய்!" என்று வட்டையில் கத்துவதுபோலத் தொண்டை கிழியக் கத்தினேன்.

யானை மெல்லுவதை நிறுத்தியது. அவ்வளவுதான். ஓடவில்லை, பிளிறவில்லை. என்னுடைய சத்தம் முடிந்ததும் திரும்ப மெல்லத் தொடங்கியது. லொட்ஜில் இருந்த மற்ற ஆட்கள்தான் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். காவலர் ஓடிவந்தார். சிவப்புப் போர்வை, ஒரு கையில் ஈட்டி, மற்றக் கையில் சீன ரோர்ச். தூரத்திலேயே நின்று, நாக்கால் 'ட்ச்சு ட்ச்சு' என்று ஒரு சத்தம் போட்டு, ரோர்ச் வெளிச்சத்தை யானை மேல் படாமல் நிலத்தில் பிடித்தார். ஐந்து நிமிடத்தில் அது தன்பாட்டில் நடந்துபோனது. காலையில் மனேஜர் என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு வாத்தியாரிடம் ஏச்சு வாங்கின மாதிரி.

அந்தக் காவலரோடு மறுநாள் பேசினேன், வாகன ஓட்டி மொழிபெயர்த்தார். அவருடைய ஆடுகளும் இதே ஆற்றில்தான் தண்ணீர் குடிக்குமாம். ஊர்ப்பக்கம் யானை ஆளைக் கொன்ற கதைகள் அவரிடமும் இருந்தன. எனவே அங்கத்தைய யானை சாது, நம்முடையது பொல்லாதது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தந்தத்துக்காக அவற்றைச் சுட்ட காலமும் அங்கே இருந்தது. வித்தியாசம், சரணாலயத்துக்குள் அவை தின்ன வரும் இடத்தில் நெல் மூட்டை இல்லை, வெடி போடவும் ஆளில்லை. 1997 முதல் ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொரு யானையையும் காது கிழிசலைப் பார்த்து அடையாளம் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தக் குடும்பம், யாருக்கு யார் மகள் என்று வாகன ஓட்டிக்கே பாதி தெரிகிறது. யானைக்குத் தேனீ என்றால் பயம் என்று கண்டு, தோட்டத்தைச் சுற்றித் தேன்கூட்டு வேலி கட்டுகிற வேலையும் கென்யாவில்தான் தொடங்கியது. அதை இங்கே வஸ்கமுவப் பக்கமும் செய்து பார்த்தார்கள்.

படுவான்பொடியன் தம்பி, நீங்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் 68 வயது மனுசியிடம் கேட்காமலேயே நைரோபியில் விட்டுவிட்டுப் போகச் சொல்வதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அம்மா என்ன சொல்கிறா என்று இதுவரை யாரும் எழுதவில்லையே?

மற்ற மிருகங்களை உங்கள் மகன் பார்த்துக்கொள்வான். வரி நெருக்கமான கிரேவி வரிக்குதிரை, வலைபோட்ட மாதிரித் தோலுள்ள ஒட்டகச்சிவிங்கி, பின்னங்காலில் எழும்பி நின்று இலை தின்னும் கெரனுக் மான், எல்லாம் வறண்ட நிலத்துக்கு உரியவை. அந்த வரிக்குதிரை உலகத்திலேயே மூவாயிரத்துக்குள்தான் மிச்சம், பெரும்பாலும் கென்யாவில். முதலை உண்டு. மகனை ஆற்றில் இறங்க விடவே வேண்டாம், கரையோரம்கூட வேண்டாம்.

அம்மாவுக்குக் காட்டவேண்டியது வேறொன்று. அங்கே பனை கிளைவிடும்! டூம் பனை என்பார்கள். ஒரு அடிமரம் இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒவ்வொன்றின் தலையிலும் நம்முடைய வடலி மாதிரி விசிறி ஓலை. பழம் ஒன்றைப் பொறுக்கிக் கடித்துப் பார்த்தேன். மேல் நார் இனிப்பு, காய்ந்த பனாட்டை நினைக்கலாம். உள்ளே கொட்டை கல். கத்தி வழுக்கியது. யானை அதை முழுதாக விழுங்கி வேறெங்கோ போட, அங்கே முளைக்குமாம். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டேன், மனைவி எடுத்து வெளியே எறிந்தா. சரணாலயத்திலிருந்து எதையும் எடுக்கக்கூடாது, அவதான் சரி.

தேயிலைக்காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சம்மாந்துறை. தேயிலைக் கம்பனி வேலையாக மொம்பாசா ஏலத்துக்குப் போய்வந்தவன். சம்புருவுக்கு ஒரே ஒரு முறை, நண்பர்களோடு வானில்.

மதகு ஐயா எழுதியதற்கு மேல் நான் யானையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பேப்பர் வேலையைச் சொல்கிறேன் தங்கச்சி. 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா இல்லை, ஆனால் போகுமுன் ஒன்லைனில் இ.ரி.ஏ. என்கிற பயண அனுமதி எடுக்க வேண்டும், பிள்ளைக்கும் தனியாக. திரும்பி வரும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள்: கென்யாவிலிருந்து இலங்கைக்குள் வரும் ஆளிடம் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும். கடைசிக் கிழமையில் ஓடாதீர்கள். இன்னொன்று, அறுபது வயதுக்கு மேல் அந்த ஊசியை முதல்தடவை போடுவதில் ஆபத்துக் கொஞ்சம் கூட. அம்மாவை டொக்டரிடம் காட்டி, போடலாமா, போடாவிட்டால் என்ன கடிதம் வேண்டும் என்று நேரத்தோடு கேளுங்கள். மலேரியா நம் நாட்டில் இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது, அங்கே இருக்கிறது. சுகாதார அமைச்சின் மலேரியா எதிர்ப்பு இயக்கம் வெளிநாடு போகிறவர்களுக்குக் குளிசை இலவசமாகத் தரும். போகுமுன் தொடங்கி, வந்த பிறகும் சொல்லும் நாள்வரை விழுங்க வேண்டும். வந்த பிறகுள்ளதைத்தான் எல்லோரும் மறப்பது.

ஷொப்பிங் பேக்கில் சாமான் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 2017இலேயே அங்கே தடை. சரணாலயங்களுக்குள் 2020இலிருந்து பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலும் கூடாது. துணிப்பை, உலோகப் போத்தல் கொண்டுபோங்கள். கரண்ட் பிளக் மூன்று சதுர முள், நம்முடையதுதான்.

றோட் நல்லது. நைரோபியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஆறு மணித்தியாலம் பிடிக்கும். நன்யுகியில் பூமத்திய ரேகைப் பலகை வரும். பொடியன்கள் சட்டியில் தண்ணீர் ஊற்றி, இந்தப் பக்கம் வலமாகச் சுற்றுது, அந்தப் பக்கம் இடமாகச் சுற்றுது என்று காட்டிக் காசு கேட்பார்கள். நான் கொடுத்தேன். அது ஊற்றுகிற கையின் வித்தை என்று பிறகு ஒருவர் சொன்னார். மதகு ஐயா, உண்மையா?

வழியில் இசியோலோ ரவுன். முஸ்லிம் ஆட்கள் நிறைய, ஹலால் கடை தேட வேண்டியதே இல்லை. ஆட்டிறைச்சிப் பிலாவும் சப்பாத்தியும் சாப்பிட்டோம், இன்னும் நாக்கில் நிற்கிறது. லொட்ஜில் பொதுவாக மேசை நிறைய வைப்பார்கள், ஆனால் உறைப்பு இல்லை. அம்மாவுக்கு ஒரு போத்தல் மிளகாய்ச் சம்பல் கட்டாயம்.

மொழி பயப்பட வேண்டாம். நம் ஆட்களுக்குப் பாதி தெரியும். பயணத்துக்கு நாம் சஃபர் என்கிறோம், அவர்கள் சஃபாரி. காவலர் அஸ்கரி. சுகம் விசாரிப்பது ஹபாரி, நம்முடைய ஹபர். எல்லாம் அரபியில் இருந்து போனது.

தம்பிக்கு அங்கே வேலை அனுமதி இருந்தால் அவருக்கு வதிவிடக்காரர் விலை. உங்கள் மூன்று பேருக்கும் வெளிநாட்டுக்காரர் விலை, டொலரில். அதை முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பில் வந்த பிறகு முகம் கறுக்க வேண்டாம்.

மதகுக்காரன் எழுதியது:

காக்கா, நீங்கள் கொடுத்த காசு போனதுதான். ஒரு சட்டித் தண்ணீரைச் சுற்றவைக்கப் பூமியின் சுழற்சி போதாது. என் மனைவியும் கொடுத்தா, நான் பக்கத்தில் நின்று கோரியோலிஸ் விசை பற்றி அந்தப் பொடியனுக்கு விளக்கினேன். அவன் சிரித்துவிட்டு, விளக்கத்துக்கும் சேர்த்துக் காசு கேட்டான்.

கல்லடிமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மதகு ஐயா கேட்டது உறைத்தது. நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை, பயப்படுவா என்று நானே முடிவெடுத்துவிட்டேன். நேற்று இரவு ஐயா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். வெள்ளம் வந்த இடத்தில் முகம் மாறியது. கிளையில் புல் சிக்கிய உயரத்தைக் கையை நீட்டிக் காட்டச் சொன்னா, காட்டினேன். யானை மணலைத் தோண்டித் தண்ணீரைத் துப்பிய இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. பிறகு கத்தின கதை. சிரிப்பா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "அந்த ஐயா கத்தினது சரிதானே, மனே. வேற என்ன செய்யிற?" என்றா.

பிறகு, அந்தக் காவலர் இரவு முழுக்க விழித்திருப்பாரா, கூடாரத்துக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இருட்டில் யார் கூட வருவார்கள் என்று இரண்டு கேள்வி. இன்று காலையில் பார்த்தால் முற்றத்தில் பாயை விரித்துப் பாரைக் கருவாடு காயப் போட்டிருக்கிறா, தம்பிக்காம். இதற்கு என்ன அர்த்தம் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். டொக்டரிடம் புதன்கிழமை போகிறோம்.

மதகுக்காரன் எழுதியது:

விழித்திருப்பார். இருட்டினால் கூடாரத்திலிருந்து ரோர்ச்சை ஆட்டினால் போதும், வந்து கூட்டிப்போவார், கொண்டுவந்தும் விடுவார். தனியாக ஒரு அடி வைக்க விடமாட்டார்கள். படுக்குமுன் கூடாரத்து சிப்பை அடிவரை இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள், மத்தியானத்திலும்தான். அரை அடி திறந்திருந்ததற்கு ஒரு குரங்கு வந்து என் மனைவியின் பிஸ்கட் பெட்டியையும் என் சீனி வருத்தக் குளிசையையும் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. குளிசையைத் துப்பிவிட்டது.

கருவாட்டைக் கொண்டுபோக விட்டால் நைரோபியிலேயே தம்பி வீட்டில் இறக்கிவிட்டு வாருங்கள். ஒரு துண்டுகூடச் சம்புருவுக்கு வேண்டாம். அந்த மணத்துக்கு வருவது குரங்காக இருக்காது.